வீடியோ கேமில் கறுப்பினத்தவர்: திரையில் முகம், சாட்டில் நிம்மதி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கேம்களில் கறுப்பினக் கதாபாத்திரங்கள் பற்றியும், ஆன்லைனில் கறுப்பின கேமர்கள் படும் பாடு பற்றியும், அவர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட பாதுகாப்பான வெளிகள் பற்றியும் பேச்செடுத்தால் ஒரே மாதிரியான கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் அனுபவங்கள். நடுநிலை என்ற பெயரில் என் கருத்தை ஒளித்துவைக்கவில்லை.

விளையாடத்தானே போகிறோம், இதில் நிறம் எங்கிருந்து வந்தது?

அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. யார் நாயகன், யார் சுட்டுத் தள்ளப்பட வேண்டிய கூட்டம், யாருக்கு இருபது வகைத் தலைமுடி, யாருக்கு இரண்டே வகை என்பதையெல்லாம் எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகளுக்குள் அடங்குகிறவருக்கு அவை கண்ணில் படுவதில்லை. அடங்காதவருக்குக் கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முதல் திரையிலேயே தெரிந்துவிடும்.

இவர்கள் சிறு கூட்டமும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அமெரிக்கக் கறுப்பினப் பதின்வயதினரில் 83 சதவீதம் பேர் வீடியோ கேம் விளையாடுவதாகச் சொன்னார்கள். வெள்ளையினப் பதின்வயதினரில் அது 71 சதவீதம். கூடுதலாக விளையாடுகிறவர்கள் திரையில் குறைவாகத் தெரிகிறார்கள் என்றால் அதைப் பேசத்தானே வேண்டும்?

கறுப்பினத்தவர் இந்தத் துறைக்குப் பிற்பாடு வந்தவர்கள்தானே?

இல்லை. அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் ஜெரி லாசன். 1940இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். முதல் வகுப்பில் அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற கறுப்பின விஞ்ஞானியின் படம் இருந்தது. நீயும் இப்படி ஆகலாம் என்று ஆசிரியை சொன்னதை லாசன் வயதான பிறகும் ஒரு நேர்காணலில் நினைவுகூர்ந்தார். தன்னைப் போன்ற முகத்தைப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

அவர் பொறியாளராகி, ஃபேர்சைல்டு செமிகண்டக்டரில் வேலைக்குச் சேர்ந்தார். அன்றைக்கு வீட்டு வீடியோ கேம் பெட்டி என்றால், உள்ளே எதைப் பதித்து விற்றார்களோ அதோடு சரி. அலுத்துப்போனால் பெட்டியை மூலையில் போட வேண்டியதுதான். விளையாட்டைத் தனிச் சிப்பில் வைத்து மாற்றி மாற்றிச் செருகலாம் என்ற யோசனையின் முதல் வடிவம் ஆல்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் பிறந்தது. ஒரு குழந்தை எத்தனை தடவை செருகிப் பிடுங்கினாலும் கெடாத, கடையில் வைத்து விற்கக்கூடிய கேட்ரிட்ஜாக அதை ஆக்கியது லாசன் தலைமையிலான குழு. அப்படிப் பிறந்த சானல் எஃப் 1976இல் சந்தைக்கு வந்தது. அட்டாரியின் புகழ்பெற்ற கேட்ரிட்ஜ் கன்சோல் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் பட்டன்கூட சானல் எஃப்பில் இருந்தது.

தொழிலில் இத்தனை பெயர் எடுத்திருந்தும், நேரில் பார்க்கும்வரை அவர் கறுப்பினத்தவர் என்றே பலருக்குத் தெரியாது. சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கம் அவரை முன்னோடியாகக் கௌரவித்தது 2011 மார்ச்சில். ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். இடையில் 35 வருடம், கேட்ரிட்ஜை ஊதிச் செருகி விளையாடிய தலைமுறை ஒன்று, அவர் பெயரைக் கேள்விப்படாமலே வளர்ந்து முடித்தது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

பழைய கேம்களிலும் கறுப்பினக் கதாபாத்திரங்கள் இருந்தார்களே?

இருந்தார்கள். எந்த வேஷத்தில் என்று பாருங்கள். டிமித்ரி வில்லியம்ஸும் உடன் ஆய்வாளர்களும் 150 கேம்களை எடுத்து, அவற்றில் வரும் மனித உருவங்களை ஒவ்வொன்றாக எண்ணி 2009இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கறுப்பினப் பாத்திரங்கள் 11 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அன்றைய அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் 12 சதவீதத்துக்குச் சற்று மேல். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதி கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து போன்ற கேம்களில் வரும் நிஜ வீரர்களின் நகல்கள். அவற்றை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவதில் தெருக் கும்பல்காரர்களே அதிகம். பந்து கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துப்பாக்கி இருக்க வேண்டும்.

அதே 2009இல்தான் ரெசிடென்ட் ஈவில் 5 வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு கற்பனை ஊர். தொற்று பிடித்து வெறிகொண்ட கறுப்பின மக்கள் கூட்டத்தை ஒரு வெள்ளைக்கார நாயகன் சுட்டுக்கொண்டே போகிறான். முன்னோட்டம் வெளியானபோதே, இந்தக் காட்சிகளுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது என்று என்'காய் குரோல் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் சுட்டிக்காட்டினார். முன்னோட்டத்தை உருவாக்கியவர்கள் மத்தியில் இந்தக் கேள்வியை எழுப்ப ஒருவரும் இல்லாமல் போனார்களே என்பதுதான் அவருடைய ஆதங்கம். பதிலுக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சநஞ்சமில்லை.

நிலைமை எப்போது மாறத் தொடங்கியது?

ஒரே நாளில் இல்லை. 2012இல் டெல்டேல் நிறுவனத்தின் தி வாக்கிங் டெட் கேமில் வந்த லீ எவரெட் பெரிய திருப்பம். ஒரு சிறுமியைக் காப்பாற்றி வளர்க்கும் முன்னாள் வரலாற்றுப் பேராசிரியர். உலகம் முழுக்க அந்த முடிவைப் பார்த்து அழுதார்கள். அதே ஆண்டு, வரலாற்றுக் காலங்களில் நடக்கும் அசாசின்ஸ் கிரீட் கேம் வரிசையில் அவெலின் என்ற கறுப்பின நாயகி வந்தார். அடுத்த ஆண்டு அதே வரிசையின் ஃப்ரீடம் க்ரையில், அடிமைத்தளையிலிருந்து தப்பிய அடேவாலே கரீபியனில் மற்ற அடிமைகளை விடுவிக்கிறார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2016இன் மாஃபியா 3. 1968இல் நியூ ஆர்லியன்ஸ் சாயலில் அமைந்த நியூ போர்டோ நகரம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய லிங்கன் கிளே என்ற கறுப்பின இளைஞனாக ஆடுகிறீர்கள். சில கடைகளில் காலெடுத்து வைத்தாலே வெளியே போகச் சொல்வார்கள், நின்றால் போலீசைக் கூப்பிடுவார்கள். பணக்கார வெள்ளையர் பகுதியில் ஒரு குற்றம் நடந்தால் போலீஸ் வண்டி பறந்து வரும், ஏழைக் கறுப்பினப் பகுதியில் அதே குற்றத்துக்கு ஆடி அசைந்து வரும். இதை யாரும் வசனமாகப் பேசிக் காட்டவில்லை. கேமின் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தப்பிக்க எந்தத் தெருவில் ஓடுவது என்று கணக்குப் போடும்போது, அந்த நகரம் எப்படிப்பட்டது என்பது உங்கள் கைவிரல்களுக்கே புரிந்துவிடும். பிரதிநிதித்துவம் இந்த ஆழத்துக்குப் போகும்போதுதான் கேம் என்ற வடிவத்துக்கே நியாயம் செய்ததாக ஆகும்.

அதன் பிறகு கறுப்பின ஸ்பைடர்மேனை நாயகனாக்கிய 2020இன் மைல்ஸ் மொராலெஸ், 2021இன் டெத்லூப் என்று பட்டியல் நீண்டது. அணிகளாக மோதும் ஓவர்வாட்ச் கேம் தொடரில் ஆடத்தக்க முதல் கறுப்பினப் பெண்ணான சோஜர்ன் வருவதற்கு மட்டும் 2016இலிருந்து 2022வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பேசும் ரோபோவுக்கும் வெள்ளெலிக்கும் இடம் கிடைத்திருந்தது.

தலைமுடியைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? அது சின்ன விஷயம் இல்லையா?

கறுப்பின கேமர்களிடம் கேளுங்கள், பாதிப் பேர் இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். புதிய கேமைத் திறந்து தன் உருவத்தை அமைக்கப் போனால் நேர்முடியில் வகைவகையாக இருக்கும். கறுப்பினத் தலைமுடி என்று ஒரு பந்து போன்ற ஆஃப்ரோ, உச்சந்தலையில் அச்சடித்த மாதிரி ஒரு பின்னல், ஒரு மொட்டை. அண்மைக் காலத்தில் பக்கங்களை ஒட்ட வெட்டி, மேலே குட்டைச் சடைமுடியை முன்னால் விழவிடும் ஒரே ஸ்டைலை எல்லாக் கறுப்பின ஆண் பாத்திரங்களின் தலையிலும் வைத்துவிடுகிறார்கள். 2015இலேயே விமர்சகர் இவான் நார்சிஸ் இந்தத் தலைமுடிப் பிரச்சினை பற்றி விரிவாக எழுதினார். பின்னர் மைல்ஸ் மொராலெஸ் கேமின் கதைக் குழுவில் அவரே பணியாற்றினார்.

தொழில்நுட்பக் காரணம் ஒன்று சொல்வார்கள்: சுருட்டை முடி கணினியில் கடினம். கடினம்தான், ஆனால் ஏன் கடினமானது என்று கேட்க வேண்டும். கணினி வரைகலையில் தலைமுடி ஆராய்ச்சி பல பத்தாண்டுகளாக நேர்முடியையே ‘முடி’ என்று எடுத்துக்கொண்டு நடந்தது. நேர்முடி இழை கீழே தொங்கும், காற்றில் ஆடும், பக்கத்து இழையோடு சேர்ந்து நகரும். அதற்கான சமன்பாடுகள் மெருகேறிக்கொண்டே வந்தன. இறுக்கமாகச் சுருண்ட முடி அப்படி நடந்துகொள்வதில்லை. வேரில் ஒழுங்கின்றி எழும்பி, நுனிக்குப் போகப் போகப் பக்கத்து இழைகளோடு இணைந்து ஒரே சுருளாகச் சேரும். சில இடங்களில் சுருளின் திசையே திரும்பிவிடும். யேல் பல்கலைக்கழகத்தின் தியோடர் கிம், கலிஃபோர்னியா சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் ஏ.எம். டார்க் ஆகியோரின் குழு இந்தக் குணங்களையெல்லாம் வகைப்படுத்தி, அவற்றைக் கணினியில் உருவாக்கும் வழியை 2024 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த சிக்ராஃப் ஏசியா என்ற கணினி வரைகலை மாநாட்டில் முன்வைத்தது. 2024! அனிமேஷன் படங்களில் நேர்முடி இழை இழையாக அசையத் தொடங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. முடியாத காரியம் என்று இருந்ததெல்லாம் யாரும் உட்கார்ந்து செய்யாத காரியம்தான்.

ஏ.எம். டார்க், கறுப்பினக் கலைஞர்கள் செதுக்கிய முப்பரிமாணத் தலைமுடி மாதிரிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு திறந்த நூலகமாகவும் தொகுத்திருக்கிறார். நேரமில்லை, கலைஞர் கிடைக்கவில்லை என்று சொல்லும் ஸ்டுடியோக்களுக்கு இனி அந்தச் சாக்கும் இல்லை.

தோல் நிறத்திலும் இதே கதையா?

அதேதான். மனிதர்களை உருவாக்கி அவர்கள் வாழ்க்கையை நடத்தும் சிம்ஸ் 4 கேம் வந்தது 2014இல். கறுப்பு நிறங்கள் சில மட்டுமே, அவையும் சாம்பல் பூசியது போலத் தெரியும். எக்ஸ்மிரமிரா என்ற பெயரில் இயங்கும் அமிரா விர்ஜில் தானே புதிய தோல் நிறங்களை உருவாக்கி, மெலனின் பேக் என்று பெயரிட்டு வெளியிட்டார். ரசிகர்கள் அதை ஓடி ஓடி எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்களைத் தானே சேர்த்தது 2020 டிசம்பரில். ஆறு வருடம் அந்த இடைவெளியை நிரப்பியது பயனர்களின் உழைப்பு. இந்தக் கதையில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

கேம் உருவாக்குகிறவர்களில் கறுப்பினத்தவர் எத்தனை பேர்?

மிகக் குறைவு. சர்வதேச கேம் உருவாக்குநர் சங்கம் 2005இல் எடுத்த கணக்கில் 2 சதவீதம். அதன் பிறகும் அந்தச் சங்கத்தின் கணக்கெடுப்புகளில் இது ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 13 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மேலே சொன்ன தலைமுடி, தோல், முன்னோட்டம் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் என்பது என் கருத்து. அறையில் ஒருவர் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருப்பார்.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் உண்டு. ஓக்லாந்தில் கேம்ஹெட்ஸ் அமைப்பு, வசதி குறைந்த இளைஞர்களுக்குக் கேம் உருவாக்கத்தைச் சொல்லித் தருகிறது. 2016இல் தொடங்கிய கேம் டெவ்ஸ் ஆஃப் கலர் எக்ஸ்போ, வெள்ளையரல்லாத படைப்பாளிகளுக்கான மேடையாக வளர்ந்திருக்கிறது. ஜெரி லாசன் பெயரில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2021இல் ஒரு மாணவர் நிதி உருவானது.

பழைய ஜப்பானில் நடக்கும் அசாசின்ஸ் கிரீட் ஷாடோஸ் கேமில் யாசுகே என்ற கறுப்பினத்தவரை நாயகனாக்கியது வரலாற்றுத் திரிபு என்கிறார்களே?

யாசுகே கற்பனை அல்ல. 1579இல் இயேசு சபைப் பாதிரியார் வலிஞானோவோடு ஜப்பானுக்கு வந்த ஆப்பிரிக்கர். 1581இல் ஜப்பானின் போர்த்தலைவர் ஓடா நொபுநாகாவைச் சந்தித்தார். அந்தக் கறுப்பு மை பூசியதோ என்று சந்தேகித்து நொபுநாகா அவரைத் தேய்த்துக் கழுவச் சொன்னதைப் பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. பிறகு தன் பணியில் வைத்துக்கொண்டார். வாளும் வீடும் ஊதியமும் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. ‘சாமுராய்’ என்ற பட்டம் அவருக்குச் சரியாகப் பொருந்துமா என்று வரலாற்றாளர்கள் விவாதிக்கலாம், விவாதிக்கட்டும்.

ஆனால் 2024 மே மாதம் அசாசின்ஸ் கிரீட் ஷாடோஸ் அறிவிக்கப்பட்டபோது கிளம்பியது விவாதம் இல்லை. இதே யாசுகே 2017இல் நியோ கேமில் எதிராளியாக வந்தார், 2021இல் சாமுராய் வாரியர்ஸ் 5இலும் வந்தார். அப்போதெல்லாம் யாருக்கும் வரலாறு நினைவுக்கு வரவில்லை. நாயகன் இடத்துக்கு வந்த பிறகுதான் வந்தது. போப்பாண்டவரோடு கைகலப்பு செய்யவைத்த ஒரு தொடரிடம் திடீரென்று ஆவணச் சுத்தம் கேட்பதை என்னால் நேர்மையான அக்கறை என்று ஏற்க முடியவில்லை.

ஆன்லைனில் ஆடும்போது நிறம் எப்படித் தெரியும்?

குரலில். கிஷோனா கிரே என்ற ஆய்வாளர், எக்ஸ்பாக்ஸ் கன்சோலின் ஆன்லைன் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவில் கறுப்பின ஆட்டக்காரர்களோடு சேர்ந்து ஆடியே பல வருடம் ஆய்வு செய்தவர். மைக்கைத் திறந்து நாலு வார்த்தை பேசியதும், பேச்சின் ஒலியை வைத்தே ‘நீ கறுப்பனா?’ என்ற கேள்வி வருவதையும், அடுத்து வசவு வருவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். கறுப்பினப் பெண் என்றால் இரட்டை அடி. பலர் மைக்கையே எடுத்து வைத்துவிட்டார்கள். தங்களுக்குள் மட்டும் தனிக் குழு அமைத்துக்கொண்டு ஆடினார்கள். குழு ஆட்டத்தில் மைக் இல்லாமல் ஆடுவது பாதி ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது.

போட்டி மேடையிலும் இதுதான். 2016 மே மாதம் ஆஸ்டினில் நடந்த டிரீம்ஹேக் கேம் போட்டியில், கறுப்பினத்தவரான டெரன்ஸ் மில்லர் ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்ட கேமில் இரண்டாம் இடம் வரை வந்தார். அவர் முகம் திரையில் வந்தபோதெல்லாம் ஆட்டங்களை நேரலையாகக் காட்டும் ட்விட்ச் தளத்தின் சாட்டில் இனவெறி வசவு மழையாகக் கொட்டியது. அங்கே நேரலையில் ஆடிக் காட்டும் ஒரு கறுப்பின ஸ்ட்ரீமரின் சிரித்த முகம் கொண்ட எமோட்டையே (சாட்டில் போடும் குட்டிப் படத்தையே) கேலிக்கான ஆயுதமாக்கினார்கள். வாழ்க்கையின் பெரிய வெற்றி நாளில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு அது.

ஹேட் ரெய்ட் என்றால் என்ன?

ட்விட்சில் ‘ரெய்ட்’ ஒரு நல்ல வசதி. உங்கள் ஸ்ட்ரீமை முடிக்கும்போது, பார்த்துக்கொண்டிருப்பவர்களை அப்படியே இன்னொருவரின் சானலுக்கு அனுப்பி அவரை ஊக்குவிக்கலாம். இதை அப்படியே திருப்பிப் போட்டதுதான் ஹேட் ரெய்ட். இருபது பேர் பார்க்கும் ஒரு சின்னச் சானல். கறுப்பினப் பெண் ஒருவர் ஆடிக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறார். சட்டென்று நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகள் உள்ளே நுழைந்து, ஒரே இனவெறி வாசகத்தை வரிவரியாகப் போடுகின்றன. பின்தொடர்வோர் அறிவிப்புகள் திரையை மூடுகின்றன, அந்தப் பெயர்களே வசவுகள். அறிவிப்பை வாசிக்கும் கணினிக் குரல் இருந்தால் அது அந்த வசவை அவர் அறையிலேயே உரக்கப் படிக்கும். முகத்தில் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அழுதால் அதையும் வெட்டியெடுத்துப் பரப்புவார்கள்.

2021 மே மாதம் ட்விட்ச் ‘கறுப்பினத்தவர்’ உள்ளிட்ட 350க்கும் மேற்பட்ட புதிய டேக்குகளை (சானலில் ஒட்டிக்கொள்ளும் அடையாளச் சொற்களை) கொண்டுவந்தது, தங்களைப் போன்றவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வசதியாக. தாக்குகிறவர்களும் அதே டேக்கை வைத்தே தேடி வந்தார்கள். அந்த ஆகஸ்டில் ரெக்இட்ரேவன் என்ற கறுப்பின ஸ்ட்ரீமர் குரல் எழுப்ப, பலரும் சேர்ந்துகொண்டார்கள். செப்டம்பர் 1 அன்று ‘ட்விட்சுக்கு ஒரு நாள் விடுப்பு’ என்று புறக்கணிப்பு நடந்தது. அதே மாதம் ட்விட்ச் இரண்டு பேர் மீது வழக்குப் போட்டது, தொலைபேசி எண்ணை உறுதிசெய்தவர்கள் மட்டும் சாட்டில் எழுதலாம் என்ற வசதியையும் தந்தது. ஒரே பட்டனில் சாட்டை இறுக்கும் ஷீல்டு மோட் 2022 நவம்பரில் வந்தது. கேட்டு வாங்கியவர்கள் தாக்கப்பட்டவர்கள்தான், தங்கள் வருமானத்தை ஒரு நாள் நிறுத்திவைத்து.

மியூட் பண்ணிவிட்டுப் போனால் போயிற்றே?

ஒருவரை மியூட் பண்ணலாம். ஐந்நூறு பேரை? அதிலும் மியூட் பண்ணுவதற்குமுன் அந்த வார்த்தை காதில் விழுந்துவிடுகிறது. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் தொல்லை எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு கணக்கு: வெறுப்பை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பான ஆன்டி டிஃபமேஷன் லீக் 2019இல் எடுத்த கணக்கெடுப்பில், ஆன்லைனில் பலரோடு ஆடும் பெரியவர்களில் 74 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைத் தொல்லையைச் சந்தித்திருந்தார்கள். எல்லோருக்கும் நடப்பதுதானே என்பார்கள். எல்லோருக்கும் வசவு விழுகிறது. பிறப்பை வைத்து விழுகிற வசவு, அதற்கு வெளியுலகிலும் கைகால் இருக்கிற வசவு, எல்லோருக்கும் விழுவதில்லை.

அப்படியென்றால் பாதுகாப்பான வெளி என்பது என்ன?

எச்சரிக்கையோடு உட்கார வேண்டியிராத இடம். மைக்கில் இயல்பாகப் பேசலாம், தோற்றால் சிரிக்கலாம், தன் முடிக்கு ஏற்ற மாதிரி எந்த கேமில் இருக்கிறது என்று விசாரிக்கலாம், யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம்.

நன்கு அறியப்பட்ட உதாரணம் பிளாக் கேர்ள் கேமர்ஸ். பிரிட்டனின் ஜே-ஆன் லோபஸ் 2015இல் ஒரு ஃபேஸ்புக் குழுவாகத் தொடங்கினார். இன்று உறுப்பினர்கள் மாறி மாறி ஆடும் ட்விட்ச் சானல், நிகழ்ச்சிகள், நிறுவனங்களுக்கு ஆலோசனை என்று வளர்ந்திருக்கிறது. ஆரம்பம் எளிய தேவைதான்: தன்னைப் போல கேம் ஆடும் கறுப்பினப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

அவர்களுக்கு மட்டும் என்று வைப்பது பாகுபாடு ஆகாதா?

ஆகாது. பாகுபாடு ஒருவரைப் பொது இடத்திலிருந்து துரத்துவது. இது துரத்தப்பட்டவர்கள் ஒதுங்க இடம் தேடியது. அந்தக் குழுவுக்குள் நுழைய முடியாததால் வேறு யாரும் எந்த கேமையும் இழக்கவில்லை, எந்தப் போட்டியும் அவர்களுக்கு மூடப்படவில்லை. அங்கே இருக்கும் பெண்களும் மீதி நேரம் எல்லோரோடும் சேர்ந்துதான் ஆடுகிறார்கள். பொதுச் சாட் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும் நாளில் தனி இடத்தின் தேவை தானாகக் குறையும். பொறுப்பு பொதுச் சாட்டை நடத்துகிறவர்களிடம் இருக்கிறது, ஒதுங்கியவர்களிடம் இல்லை.

இத்தகைய இடத்தை நடத்துவதில் என்ன வேலை இருக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு டிஸ்கார்ட் சர்வர், அதாவது ஆன்லைன் அரட்டைக் குழு. உள்ளே ஓயாத வேலை. நுழைய விரும்புகிறவரைக் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் வேவு பார்க்கவே வருகிறவர்கள் உண்டு. தடைசெய்யும் சொற்களின் பட்டியலை வாராவாரம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வசவைத் தடுத்தால் எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, வேற்று மொழி எழுத்தைச் செருகி மறுநாளே திரும்ப வரும். ஸ்ட்ரீம் நடக்கும் நேரத்தில் சாட்டைக் காவல் காக்கும் மாடரேட்டர் தூங்க முடியாது. அந்த வசவுகளையெல்லாம் மற்றவர் கண்ணில் படாமல் நீக்குவதற்காக அவர் படித்தாக வேண்டும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. 2021 தாக்குதல்களின்போது ஸ்ட்ரீமர்களுக்குக் கைகொடுத்த பாட்களில் (தானாக இயங்கும் காவல் நிரல்களில்) பலவற்றைத் தன்னார்வலர்களே எழுதினார்கள். கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் தளங்கள் இந்தக் காவல் வேலையைத் தாக்கப்படுகிறவர்கள் தலையிலேயே கட்டிவிட்டிருப்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம்.

எல்லா கேமர் கூட்டமும் இப்படியா?

இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற சண்டை கேம்களின் சமூகம், காசு போட்டு ஆடும் கேம் கூடமான ஆர்கேடில் பிறந்தது. விலையுயர்ந்த கணினி தேவையில்லை, சில்லறைக் காசு போதும். நியூயார்க்கின் சைனாடவுன் ஃபேர் போன்ற ஆர்கேடுகளில் கறுப்பின, லத்தீன், ஆசியப் பையன்கள் தோளோடு தோள் நின்று ஆடினார்கள். பக்கத்தில் நிற்கிறவனை முகமூடிப் பெயருக்குப் பின்னாலிருந்து ஏச முடியாது. அங்கிருந்து வந்த மரபு இன்னும் இருக்கிறது. 2018இல் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த இ-ஸ்போர்ட்ஸ் வீரர் விருதைக் கறுப்பினத்தவரான சோனிக்ஃபாக்ஸ் வாங்கினார். சண்டை கேம்களின் பெரிய போட்டியான ஈவோவில் 2024இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பட்டத்தை விக்டர் ‘பங்க்’ உட்லி வென்றார். அந்தச் சமூகத்திலும் பெண்களுக்கு எதிரான தொல்லைகள் நடந்திருக்கின்றன, குறையில்லாத இடம் என்று சொல்ல வரவில்லை.

ராப் பாடலில் வருகிறது என்று நம் பையன்கள், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த ஆங்கில ‘என்’ சொல்லைச் சாட்டில் சொல்கிறார்கள். தப்பா?

தப்பு. சென்னையிலோ டொரொன்டோவிலோ உட்கார்ந்து ஒரு தமிழ்ப் பையன் அதைச் சொல்லும்போது, மறுமுனையில் ஒரு கறுப்பினச் சிறுவன் இருக்கக்கூடும். ராப் பாடகர் தன் மக்களோடு பேசும்போது சொல்வதும், நாம் அறிமுகமில்லாத ஒருவரை நோக்கி எறிவதும் ஒன்றாகாது. வீட்டில் பெரியவர்கள் இதை நேராகப் பேச வேண்டும். நிறத்தை வைத்து ‘கருவாயா’ என்று கூப்பிடுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஊர் நம்முடையது. சாதிப் பெயரையே வசவாக வீசும் கேம் லாபிகளும் (ஆட்டம் தொடங்குமுன் ஆட்டக்காரர்கள் கூடும் இடங்களும்) நமக்குப் புதிதில்லை. பிள்ளை காதில் விழுவதுதான் மைக்கில் வரும்.

எந்த கேமில் தொடங்கலாம்?

கதை பிடிக்கும் என்றால் மைல்ஸ் மொராலெஸ். ஹார்லெமின் குளிர்காலத் தெருக்களில் சும்மா சுற்றினாலே மனம் நிறையும், வளர்ந்த பிள்ளைகளோடும் ஆடலாம். அமெரிக்கத் தென்பகுதியின் நாட்டார் கதைகள் வேண்டுமென்றால் 2025இல் வந்த சவுத் ஆஃப் மிட்நைட். அதன் நாயகி ஹேசலின் தலைமுடியை நின்று கவனியுங்கள். டேல்ஸ் ஆஃப் கென்செரா: சாவ், 2024. அபூபக்கர் சலீம் தன் தந்தையை இழந்த துயரத்திலிருந்து, பாந்து தொன்மங்களை வைத்து உருவாக்கியது. அவர் குழுவின் மீது விழுந்த இனவெறித் தாக்குதலுக்கு வீடியோவில் முகம் கொடுத்துப் பதில் சொன்னவர். ஆப்பிரிக்காவிலேயே உருவானது வேண்டுமென்றால் கேமரூனின் கிரோ'ஓ கேம்ஸ் 2016இல் வெளியிட்ட ஆரியான் (Aurion). மாஃபியா 3 பெரியவர்களுக்கு மட்டும். அதில் இனவெறி வசவுகள் அப்படியே வரும், தொடக்கத்திலேயே தயாரிப்பாளர்கள் அதற்கான காரணத்தை எழுதியிருக்கிறார்கள், தாண்டிப் போகாமல் படியுங்கள்.